கபிலா, இம்ரானா? டெஸ்ட் ஆல்ரவுண்டர்களை எடைபோடும் முறை

பேட்டிங், பந்துவீச்சு இரண்டிலும் கைதேர்ந்த ஆல்ரவுண்டர்களில் யார் பெரியவர்? எங்கள் வீட்டில் 1980களில் தொடங்கிய சண்டை இது. பெரியப்பா இம்ரான் கான் கட்சி, நான் கபில் தேவ் கட்சி. "சராசரியைப் பாருடா" என்பார் அவர். "434 விக்கெட்டைப் பாருங்க பெரியப்பா" என்பேன் நான். அவர் தரத்தைச் சொன்னார், நான் மொத்தத்தைச் சொன்னேன். ஆளுக்கொரு தராசில் நிறுத்திக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம் என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நானே ஒரு முறையை வைத்துக்கொண்டேன். தாள், பேனா, கூட்டல் கழித்தல் வகுத்தல் போதும். ஆண்டு, எதிரணி, நாடு வாரியாகக் கணக்கைப் பிரித்துக் காட்டும் புள்ளிவிவரத் தளம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒருவரின் முழு ஆட்டக்காலத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே வகை ஆட்டம்

டெஸ்டை டெஸ்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் ஆட்டத்தில் 323 விக்கெட்டும் 13,430 ரன்னும் எடுத்த ஜெயசூர்யாவை அளக்க ரன் வேகமும் ஓவருக்கு விட்டுக்கொடுத்த ரன்னும் வேண்டும். டெஸ்டில் அவை இரண்டாம்பட்சம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் கணக்கு குழம்பும். இந்தக் கட்டுரை முழுக்க டெஸ்ட்தான்.

படி 2: யாரைப் பட்டியலில் சேர்ப்பது?

பேட்டிங் சராசரியிலிருந்து (ஒரு முறை அவுட் ஆவதற்குள் எடுக்கும் ரன், கூடினால் நல்லது) பந்துவீச்சுச் சராசரியைக் (ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) கழிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் கணக்கு. எவ்வளவு அதிகம் வருகிறதோ அவ்வளவு பெரிய ஆல்ரவுண்டர் என்பார்கள். இதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் பாருங்கள். பிராட்மேனின் பேட்டிங் சராசரி 99.94. டெஸ்டில் அவர் எடுத்தது 2 விக்கெட், சராசரி 36. கழித்தால் 63.94. அப்படியானால் உலகின் தலைசிறந்த ஆல்ரவுண்டர் பிராட்மேன்! ஸ்டீவ் வாவின் பேட்டிங் 51.06, பந்துவீச்சு 37.44. வித்தியாசம் 13.62, இம்ரானுக்கு (14.88) ஓரடிதான் பின்னால். ஆனால் ஸ்டீவ் வா 168 டெஸ்டில் எடுத்தது 92 விக்கெட்தான்.

அதனால் கழிப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி வேண்டும். நான் ஓவரை வைத்து வடிகட்டுகிறேன். ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக 20 ஓவராவது வீசியிருக்க வேண்டும். அப்படி வீசுகிறவரை நம்பித்தான் அணியின் தலைவர் ஒரு பந்துவீச்சாளரைக் குறைத்துக்கொள்ள முடியும். மொத்தப் பந்துகளை 6ஆல் வகுத்து, வருவதை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்தால் விடை கிடைக்கும். பேட்டிங்குக்கு என் கோடு சராசரி 25. இது நான் போட்ட கோடுதான், நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஆளைப் பார்த்துக் கோட்டை நகர்த்தாதீர்கள்.

படி 3: இப்போது கழித்துப் பாருங்கள்

| வீரர் | டெஸ்ட் | பேட்டிங் | பந்துவீச்சு | வித்தியாசம் |
|---|---|---|---|---|
| சோபர்ஸ் (வெஸ்ட் இண்டீஸ்) | 93 | 57.78 | 34.03 | 23.75 |
| காலிஸ் (தென்னாப்பிரிக்கா) | 166 | 55.37 | 32.65 | 22.72 |
| இம்ரான் | 88 | 37.69 | 22.81 | 14.88 |
| கீத் மில்லர் (ஆஸ்திரேலியா) | 55 | 36.97 | 22.97 | 14.00 |
| ஷான் பொல்லாக் (தென்னாப்பிரிக்கா) | 108 | 32.31 | 23.11 | 9.20 |
| போத்தம் (இங்கிலாந்து) | 102 | 33.54 | 28.40 | 5.14 |
| ஹாட்லி (நியூசிலாந்து) | 86 | 27.16 | 22.29 | 4.87 |
| அஸ்வின் | 106 | 25.75 | 24.00 | 1.75 |
| கபில் | 131 | 31.05 | 29.64 | 1.41 |

என் கபில் கடைசியில் நிற்கிறார். சிறுவனாக இருந்தபோது இந்தத் தாளைப் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் இது தொடக்கம்தான். இந்த ஒற்றை எண் எதையெல்லாம் மறைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் மீதி வேலை.

படி 4: நாட் அவுட்டைப் பிரியுங்கள்

இம்ரான் 126 இன்னிங்ஸ் ஆடினார், அதில் 25 நாட் அவுட். கபில் 184 இன்னிங்ஸ், நாட் அவுட் 15 மட்டுமே. சராசரி என்பது ரன்னை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பது. அதையே மொத்த இன்னிங்ஸால் வகுத்துப் பாருங்கள்:

போத்தம்: 5,200 / 161 = 32.3
இம்ரான்: 3,807 / 126 = 30.2
கபில்: 5,248 / 184 = 28.5
ஹாட்லி: 3,124 / 134 = 23.3

சராசரியில் இம்ரானுக்கும் கபிலுக்கும் நடுவே ஆறரை ரன் இடைவெளி. இன்னிங்ஸ் கணக்கில் அது இரண்டு ரன்னுக்கும் கீழே வந்துவிடுகிறது. போத்தம் இம்ரானைத் தாண்டியே போய்விடுகிறார்.

நாட் அவுட் ஆவது குற்றம் என்று சொல்லவில்லை. ஆறாவது ஏழாவதாக இறங்குகிறவருக்கு எதிர்முனையில் ஆள் தீர்ந்துபோவது சகஜம். விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு நிற்பதும் ஒரு கலைதான், கபிலுக்கு அது அவ்வளவாக வரவில்லை. உண்மை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள்.

படி 5: சுமந்த பாரம்

இந்தப் படியைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அந்த ஆள் ஒரு டெஸ்டில் எவ்வளவு வேலை செய்தார்?

சோபர்ஸையும் காலிஸையும் பாருங்கள். சோபர்ஸ் வீசியது 21,599 பந்து, காலிஸ் 20,232 பந்து. ஏறக்குறைய சமம். ஆனால் சோபர்ஸ் அதை 93 டெஸ்டில் வீசினார், காலிஸ் 166 டெஸ்டில். டெஸ்டுக்குச் சோபர்ஸ் 39 ஓவர், காலிஸ் 20 ஓவர். காலிஸ் என் கோட்டை உரசிக்கொண்டுதான் உள்ளே வந்தார். விக்கெட்டிலும் அப்படியே: சோபர்ஸ் டெஸ்டுக்கு 2.5, காலிஸ் 1.8. வித்தியாசத்தில் இருவருக்கும் இடையே ஒரு ரன்தான். பாரத்திலோ ஒருவர் மற்றவரைப்போல் இரண்டு மடங்கு.

அதோடு, சோபர்ஸ் வேகமாகவும் வீசுவார், இடது கைச் சுழலும் வீசுவார், மணிக்கட்டைத் திருப்பியும் வீசுவார். அணியில் எந்த வகை ஆள் குறைந்தாலும் அந்த இடத்தை அவர் நிரப்புவார். இதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

காலிஸ் பக்கம் நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். சோபர்ஸ் ஒரு விக்கெட் எடுக்க 92 பந்து தேவைப்பட்டது, காலிஸுக்கு 69 பந்து போதும். விக்கெட்டுக்கு அழைத்தால் காலிஸ்தான் சீக்கிரம் எடுத்துத் தருவார். வெறும் பந்துவீச்சை வைத்து அணியில் எடுக்க வேண்டும் என்றால் சோபர்ஸுக்கு எல்லாக் காலத்திலும் இடம் கிடைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

மற்றவர்கள் ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக எடுத்த கணக்கு இது. ஹாட்லி 5.0 விக்கெட், 36 ரன். இம்ரான் 4.1 விக்கெட், 43 ரன். போத்தம் 3.8 விக்கெட், 51 ரன். கபில் 3.3 விக்கெட், 40 ரன். அஸ்வின் 5.1 விக்கெட், 33 ரன். பங்களாதேஷின் ஷகிப் அல் ஹசன் 71 டெஸ்டில் 3.5 விக்கெட், 65 ரன்! 65 ரன்னும் மூன்றரை விக்கெட்டும் ஒரே ஆளிடமிருந்து வருவது மிக அபூர்வம். பெரிய அணியில் ஆடாததால் ஷகிப் பெயர் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

படி 6: ஆட்டக்காலத்தை வெட்டிப் பாருங்கள்

முழு ஆட்டக்காலச் சராசரி என்பது பாலும் தண்ணீரும் கலந்த கணக்கு. வெட்டினால்தான் எங்கே பால் எங்கே தண்ணீர் என்று தெரியும்.

போத்தமின் 102 டெஸ்டைச் சரிபாதியாக வெட்டுங்கள். முதல் 51 டெஸ்டில் 2,833 ரன், 231 விக்கெட், பந்துவீச்சுச் சராசரி 23 அளவில். பின்பாதியில் 2,367 ரன், 152 விக்கெட், சராசரி 36க்கு மேல். முன்பாதிப் போத்தம், இம்ரான் வரிசையில் உட்காரக்கூடியவர். பின்பாதிப் போத்தமுக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை, பழைய வேகமும் இல்லை. முன்பாதியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978இல் இங்கிலாந்து வந்த பாகிஸ்தானும் 1978-79 ஆஸ்திரேலியாவும், கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டித் தொடருக்குப் போன முன்னணி வீரர்கள் இல்லாத அணிகள். அந்த விக்கெட்டுகளைக் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

வெட்டிய கணக்கு தளத்தில் கிடைக்காவிட்டால் நீங்களே கழித்துக் கண்டுபிடிக்கலாம். இம்ரான் தலைவராக 48 டெஸ்டில் 2,408 ரன், சராசரி 52.34, 187 விக்கெட், சராசரி 20.26. மீதி 40 டெஸ்டில் எப்படி?

விக்கெட்டையும் சராசரியையும் பெருக்கினால் கொடுத்த ரன் வரும். மொத்தம் 362 × 22.81, அதாவது சுமார் 8,257. தலைவராக 187 × 20.26, சுமார் 3,789. கழித்தால் 4,468. அதை மீதி 175 விக்கெட்டால் வகுத்தால் 25.5. பேட்டிங்கில் மொத்தம் 101 முறை அவுட், தலைவராக 46 முறை. மீதி 1,399 ரன்னை 55ஆல் வகுத்தால் 25.4.

தலைவராக இல்லாத இம்ரானின் வித்தியாசம் பூச்சியத்துக்குப் பக்கம், ஏறக்குறைய கபில் மாதிரி. தலைவரான இம்ரானின் வித்தியாசம் 32, சோபர்ஸின் முழுக் கணக்கையே தாண்டுகிறது. பொறுப்பைத் தலையில் வைத்தால் சிலர் தளர்ந்துபோவார்கள், இம்ரான் இரட்டிப்பானார். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நான் பெரியப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

ஆனாலும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. தலைவராக இருந்தபோது டெஸ்டுக்கு 3.9 விக்கெட், இல்லாதபோது 4.4. பேட்டிங் உச்சம் பின்னாளில் வந்தது, அப்போது பந்துவீச்சுப் பாரம் குறைந்திருந்தது. கால் எலும்பு முறிவால் 1983 உலகக் கோப்பையில் அவர் பேட்ஸ்மேனாக மட்டுமே ஆடினார். பேட்டிங், பந்துவீச்சு என்ற இரண்டு கையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்த காலம் எவ்வளவு என்று பார்க்க, ஆண்டு வாரியாக மறுபடியும் வெட்டுங்கள்.

படி 7: யாருக்கு எதிராக, எங்கே?

1980களின் ஆல்ரவுண்டர்களுக்கு ஒரே பரீட்சைதான், வெஸ்ட் இண்டீஸ். அதில் போத்தம் 20 டெஸ்ட் ஆடி ஒரு சதமும் அடிக்கவில்லை. பேட்டிங் சராசரி 21.40, 61 விக்கெட்டுக்குச் சராசரி 35.18. இம்ரான் 80 விக்கெட், சராசரி 21.18. ஹாட்லி 51 விக்கெட், 22.03. கபில் 25 டெஸ்டில் 89 விக்கெட், சராசரி 24.89.

கபிலின் வரியைத் திரும்பப் படியுங்கள். மொத்தச் சராசரி 29.64 உள்ள ஆள், காலத்தின் மிகப் பலமான அணிக்கு எதிராக 25க்குக் கீழே வந்திருக்கிறார். போத்தம் தேய்ந்த இடத்தில் கபில் வளர்ந்தார். 1983இல் அகமதாபாத்தில் ஒரே இன்னிங்ஸில் 83 ரன் கொடுத்து 9 விக்கெட் எடுத்ததும் இந்த அணிக்கு எதிராகத்தான்.

அடுத்தது இடம். "இந்திய ஆடுகளங்கள்தான் கபிலின் சராசரியைக் கெடுத்தன" என்று நான் ஆண்டுக்கணக்காக வாதாடியிருக்கிறேன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உள்நாட்டில் 219 விக்கெட், சராசரி 26.49. வெளிநாட்டில் 215 விக்கெட், சராசரி 32.85. வறண்ட ஆடுகளத்தில் அவர் சிறப்பாகவே வீசினார், வெளியில்தான் விலை கூடியது. நமக்குப் பிடித்த ஆள் என்பதற்காகக் காரணம் தேடினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இம்ரானுக்கும் இதே கேள்வி உண்டு. உள்நாட்டில் 19.20, வெளிநாட்டில் 25.76. ஹாட்லிதான் விதிவிலக்கு. சொந்த மண்ணில் 22.96, வெளியில் 21.72. சென்ற இடமெல்லாம் ஒரே தரம்.

நம் அஸ்வினை ஹாட்லியோடு வைத்துப் பார்ப்பது சுவையான பயிற்சி. டெஸ்டுக்கான விக்கெட்டும் ரன்னும் ஏறக்குறைய ஒன்று. அஸ்வினுக்கு 6 சதம், ஹாட்லிக்கு 2. ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் அஸ்வின் நான்கு முறை எடுத்திருக்கிறார். அதில் இரண்டு சேப்பாக்கத்தில், 2021இல் இங்கிலாந்துக்கும் 2024இல் பங்களாதேஷுக்கும் எதிராக. ஆனால் 537 விக்கெட்டில் 383 இந்தியாவில் வந்தவை. சுழலுக்கு அது இயல்புதான். இருந்தாலும் ஊர் மாறினால் தரம் மாறாத ஆள் யார் என்று கேட்டால், சென்னைக்காரனான நானும் ஹாட்லி பெயரைத்தான் சொல்வேன்.

படி 8: கட்டத்தில் அடங்காதவை

கேட்ச்: காலிஸ் 200, போத்தம் 120, சோபர்ஸ் 109. ஸ்லிப்பில் நிற்பதும் மூன்றாவது வேலை.

உடம்பு: கபில் 1978இல் அறிமுகமாகி 1994இல் ஓயும்வரை இந்தியா ஆடிய டெஸ்டுகளில் தவறவிட்டது ஒன்றே ஒன்று. அதுவும் காயத்தால் இல்லை, 1984-85 தொடரில் கொல்கத்தாவில் தேர்வாளர்கள் நீக்கினார்கள். ஒரு வேகப்பந்து வீச்சாளர் பதினைந்து ஆண்டுக்கு மேல் காயத்தால் ஒரு டெஸ்ட்கூட விடவில்லை என்பது நம்ப முடியாத சாதனை. களத்தில் இல்லாத ஆளின் சராசரி ஏறாது, இறங்காது. ஆடியவர் தேய்ந்த நாள்களிலும் ஆடிக்கொண்டே இருந்தார், அந்த விலை அவர் சராசரியில் தெரிகிறது. 5,000 ரன்னும் 400 விக்கெட்டும் சேர்ந்து எடுத்த ஒரே ஆள் இன்றும் அவர்தான்.

படி 9: இரண்டு கையும் ஒரே ஆட்டத்தில்

ஒரு மாதம் பேட்டிங், அடுத்த மாதம் பந்துவீச்சு என்றால் அது அணிக்குப் பாதிப் பயன். இரண்டும் ஒரே டெஸ்டில் வந்த ஆட்டங்களைத் தேடுங்கள். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் முதலில் எடுத்தது பெட்டி வில்சன், 1958இல் மெல்பர்னில், மகளிர் டெஸ்டில். ஆண்களில் அதை முதலில் செய்தது போத்தம், 1980 பம்பாய் பொன்விழா டெஸ்டில்: 114 ரன், 13 விக்கெட். பிறகு இம்ரான், 1983 பைசலாபாத்தில் நமக்கு எதிராக. பிறகு ஷகிப், 2014 குல்னாவில்.

தொடர் முழுக்கச் செய்தவர்களும் உண்டு. 1966இல் இங்கிலாந்தில் சோபர்ஸ் தலைவராக ஐந்து டெஸ்டில் 722 ரன், 20 விக்கெட், 10 கேட்ச். இதைவிட முழுமையான ஒரு கோடைக்காலம் யாருக்கும் அமைந்ததில்லை என்பது என் கருத்து. 1981 ஆஷஸில் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா தொடர்) போத்தம் 399 ரன், 34 விக்கெட். இரண்டாவது டெஸ்டோடு தலைமை போய், அடுத்த ஆட்டத்திலேயே ஹெடிங்லியில் 149 நாட் அவுட்.

வினூ மன்கடையும் இங்கே தேடிப் பாருங்கள். 1952 லார்ட்ஸ் டெஸ்டில் 72, 184 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அடித்துவிட்டு, இடையில் 73 ஓவர் வீசி 5 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றபோது 12 விக்கெட் அவருடையது. அவருடைய வித்தியாசம் பூச்சியத்துக்கும் கீழே. படி 3 மட்டும் தெரிந்தவர்கள் அவரைத் தொடவே மாட்டார்கள்.

படி 10: முடிவை எழுதுங்கள்

ஆட்டக்காலம் முழுக்க யார், உச்சத்தில் யார் என்று இரண்டு விடை எழுதுங்கள். என் விடை: ஆட்டக்காலம் முழுக்க சோபர்ஸ், அடுத்து இம்ரான், பிறகு காலிஸ், மில்லர். உச்சத்தில் மட்டும் என்றால் இம்ரான் முதல், முன்பாதிப் போத்தம் அடுத்து. கபிலை உச்சத்தில் போத்தமுக்குக் கீழேயும், முழு ஆட்டக்காலத்தில் மேலேயும் வைப்பேன். வெஸ்ட் இண்டீஸ் வரியும் அந்த உடம்பும்தான் காரணம்.

பெரியப்பா ஜெயித்துவிட்டார். ஆனால் பேட்டிங்கில் அவர் சொன்ன அளவு இடைவெளி இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

எழுதி முடித்ததும், ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய ஸ்கோர்கார்டை எடுத்துப் பந்து பந்தாகப் படித்துப் பாருங்கள். கபிலுக்கு நான் எடுப்பது 1990 லார்ட்ஸ். இங்கிலாந்து 653. ஃபாலோ ஆனை (உடனே மறுபடியும் பேட் செய்ய நேர்வதை) தவிர்க்க 454 வேண்டும். 430க்கு 9 விக்கெட், எதிர்முனையில் ஹிர்வானி. எடி ஹெம்மிங்ஸ் வீசிய அடுத்தடுத்த நான்கு பந்தும் நேராக சிக்ஸர். கபில் 77 நாட் அவுட். அடுத்த ஓவரில் ஹிர்வானி அவுட், இந்தியா 454.